262 மில்லிநொடி

கோவைப் புறநகரில் பவர் பிரஸ் இயந்திரங்கள் ஓடும் பட்டறை ஒன்றிற்கு நாங்கள் இருவரும் சிறியதொரு பதிவுக் கருவி செய்து கொடுத்திருந்தோம். நிறுத்தும் பொத்தான் அழுத்தப்பட்ட நேரமும் பாதுகாப்புக் கதவு திறந்த நேரமும் அதில் பதிவாகும். ஒருநாள், பொத்தானை அழுத்துவதற்கு 142 மில்லிநொடி முன்பே கதவு திறந்ததாகப் பதிவு காட்டியது. நிறுத்திய பிறகே திறந்ததாகச் சொன்னார் இயந்திரத்தை ஓட்டிய பெரியவர். கருவி பொய் சொல்லாது என்றோம் நாங்கள். அவருக்கு இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது.

சில வாரங்கள் கழித்து, எங்கள் மேசையில் வேறொரு சோதனையின்போது காலம் பின்னோக்கி ஓடியதைக் கண்டோம். அபூர்வமாகத்தான் நிகழ்ந்தது, ஆனால் நிகழ்ந்தபோதெல்லாம் பிழை ஒரே அளவு, 262 மில்லிநொடி. அந்த எண்ணே காரணத்தையும் சொல்லிவிட்டது. எங்கள் 8 பிட் ஏவிஆர் சில்லின் டைமர் 4 மைக்ரோநொடிக்கு ஒருமுறை ஒன்று கூடும். 65,536 எண்ணியதும் சுழியத்திற்குத் திரும்பும். அத்தனை சுற்றுகளையும் எண்ணி வைப்பது மென்பொருளின் வேலை.

நிமிட முள் தானே சுற்ற, மணிப் பலகையை மட்டும் காவலாளி ஒருவர் மாற்றும் கடிகாரத்தை எண்ணிப் பாருங்கள். முள் பன்னிரண்டைத் தாண்டும் கணத்தில் காவலாளியை வாசலில் நிறுத்தி வைத்தால், பத்து மணி ஒரு நிமிடம் ஒன்பது மணி ஒரு நிமிடமாகத் தெரியும். ஓர் இன்டரப்ட்டைக் கையாளும்போது ஏவிஆர் மற்ற இன்டரப்ட்டுகளைக் காக்க வைக்கிறது. எங்கள் காவலாளியும் அப்படித்தான் வாசலில் நின்றிருந்தார்.

தீர்வு எளியது. நேரத்தைப் படித்ததும், சுற்று முடிந்ததைக் காட்டும் வன்பொருள் கொடியையும் பார்க்க வேண்டும். கொடி உயர்ந்து, எண்ணும் சிறியதாக இருந்தால் ஒரு சுற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எண் பெரியதென்றால் சுற்று முடியும் முன்பே படித்துவிட்டோம், அப்போது கூட்டலாகாது. ஆர்டுயினோவின் மைக்ரோஸ் என்னும் செயற்கூறும் ஏறத்தாழ இதையேதான் செய்கிறது.

பழைய பதிவைத் திரும்ப எடுத்தோம். வரிசை எண்ணில் பொத்தான் முன்னும் கதவு பின்னுமாகவே இருந்தன. நேரத்தை நம்பிய நாங்கள் வரிசையைப் பார்க்கவில்லை. 262 கூட்டினால், பொத்தானுக்கு 120 மில்லிநொடி கழித்தே கதவு திறந்திருக்கிறது.

கூலி திரும்பக் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கப் போனோம். "நான் அன்னைக்கே சொன்னேனுங்களே தம்பி" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.