ரிட்டயர் ஆன ரேஸ் குதிரை வாங்கலாமா, டாக்டர்?

1/ எங்க வேளச்சேரி அபார்ட்மென்ட்ல ஒரு நண்பர். ஈசிஆர் பக்கம் ஒரு வருஷமா குதிரைச் சவாரி கத்துக்கிறார். போன வாரம் கேட்டார்:

"டாக்டர், ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன குதிரை ஒண்ணு கம்மி விலைக்கு வருது. நானும் பத்தாவது படிக்கிற பொண்ணும் லீவு நாள்ல மண்ரோட்டுல நிதானமா ஓட்டுவோம். வாங்கலாமா?"

நான் மனுஷ டாக்டர்தான். ஆனா குதிரையிலிருந்து விழுந்தவங்க வர்றது எங்க கேஷுவாலிட்டிக்குத்தானே! கால்நடை மருத்துவ நண்பர்கிட்ட கேட்டு அவருக்குச் சொன்னது, உங்களுக்கும் 👇

2/ கிண்டி பக்கத்துல ஃபைவ் ஃபர்லாங் ரோடு தெரியும்ல? ஒரு ஃபர்லாங் சுமார் 201 மீட்டர். அஞ்சு ஃபர்லாங் ஒரு கிலோமீட்டர்.

ரேஸ்ல ஓடும் தரோபிரெட் இனம் அந்த மாதிரி தூரத்தை ஒரு நிமிஷத்துல கடக்கறதுக்காகவே தலைமுறை தலைமுறையா வளர்க்கப்பட்டது. உங்களுக்கு வேண்டியது ரெண்டு மணி நேரம் பொறுமையா நடக்கற குதிரை.

3/ ரேஸ் குதிரை கடிவாளத்தின் இழுப்பை எதிர்த்துச் சாய்ந்து ஓடிப் பழகியது. புதுசா ஓட்டுறவர் பயத்துல இழுத்தா, அது இன்னும் வேகமெடுக்கலாம்.

நல்ல பயிற்சியாளர் மாசக்கணக்கில் மறுபயிற்சி கொடுத்தா அருமையான சவாரிக் குதிரையாகும். லாயத்திலிருந்து நேரா வீட்டுக்குன்னா, வேண்டாம்.

4/ நம்ம ஊர் புழுக்கம் இன்னொரு பிரச்சினை. மனுஷன் மாதிரியே குதிரையும் வியர்த்துதான் சூட்டைத் தணிக்கும். வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ஊர்ல சில குதிரைகளுக்கு வியர்வையே குறைஞ்சு போகும். உழைக்க வச்சா ஹீட் ஸ்ட்ரோக்தான்.

5/ அப்போ எந்த இனம்?

மார்வாரி (ராஜஸ்தான்), கத்தியவாரி (குஜராத்): காது நுனி உள்நோக்கி வளைந்திருக்கும். வெயிலுக்கும் நெடுந்தூரத்துக்கும் பழகின உடம்பு. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தைக்கும் வரும்.

ஆனா மார்வாரியில் துடிப்பானதும் நிறைய. பேரைக் கேட்டு மட்டும் வாங்காதீங்க.

6/ அடுத்து எடைக் கணக்கு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20%-க்குள் இருக்கணும் என்பது பொதுவான அளவு.

குதிரை எடையை டேப்பிலேயே கணிக்கலாம்:
மார்புச் சுற்றளவு × மார்புச் சுற்றளவு × உடல் நீளம் (செ.மீ.) ÷ 11,880

சுற்றளவு 170, நீளம் 150 என்றால் சுமார் 365 கிலோ. தாங்கும் சுமை 73 கிலோ.

நண்பர் 80 கிலோ, சேணம் 10. அவருக்கு 450 கிலோ குதிரை வேணும். 45 கிலோ பொண்ணுக்கு 275 கிலோ போதும். நல்ல மட்டக்குதிரையே அவளைச் சுமக்கும்.

7/ சந்தையில் சுழி பார்ப்பாங்க, நிறம் பார்ப்பாங்க. பார்க்கட்டும். நீங்க இதைப் பாருங்க:

✅ 8 வயசுக்கு மேல், சவாரியில் பழகினது
✅ விக்கிறவர் முதலில் ஏறி ஓட்டிக் காட்டணும்
✅ நாலு காலையும் தூக்க விடுதா?
✅ லாரி ஹாரன், நாய், பறக்கிற பிளாஸ்டிக் கவர் பார்த்து என்ன செய்யுது?
✅ சொல்லாம இன்னொரு நாள் போய்ப் பாருங்க. மருந்து கொடுத்து அமைதியாக்கியிருந்தா அன்னிக்குத் தெரிஞ்சிடும்
✅ கால், குளம்பு, பல், மூச்சு: கால்நடை மருத்துவரிடம் காட்டாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க

8/ இனி என் டிபார்ட்மென்ட்.

அஞ்சடிக் குதிரை மேல உட்கார்ந்தா உங்க தலை தரையிலிருந்து எட்டடி உயரத்துல. பைக் ஹெல்மெட் போதாது. சவாரிக்கான ஹெல்மெட், தாடைப் பட்டையோடு.

குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். 10 வருஷத்துக்கு ஒருமுறை டிடி ஊசி. அழுக்கான காயம்னா, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தாலே போட்டுக்கணும்.

குதிரை கடிச்சா, சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணியில் கழுவிட்டு மருத்துவமனைக்கு வாங்க. ரேபிஸ் நாய்க்கு மட்டும் வர்றதில்லை.

9/ நண்பர்கிட்ட சொன்னேன்: "உங்க பொண்ணு விழுந்தா எந்திரிச்சு நிற்கிற மாதிரி குதிரை தேடுங்க சார். விலை அப்புறம்."

அந்தக் குதிரையை அவர் வாங்கலை. பொண்ணு இப்போ சவாரிப் பள்ளியிலேயே 14 வயசு கத்தியவாரி ஒண்ணுல பழகுறா. ஆறு மாசம் கழிச்சு அதையே கேட்டு வாங்கலாம்னு யோசனை.

குதிரை ஆசையுள்ள நண்பர்களுக்குப் பகிருங்க.