ஆண்டுக்கோர் ஆலயம்

வடதாய்லாந்திலே லான்னா என்று வழங்கிய பழைய ராஜ்யத்தின் தலைநகராயிருந்த சியாங் மாய் நகரத்துக்குச் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிப் போகிறவர்களிற் பெரும்பாலோர், வீதியிற் போவோர் வருவோர் மேலெல்லாம் வாளி வாளியாக நீரை வாரி இறைக்கும் சோங்க்ரான் கோலாகலத்தைக் காணவே போகிறார்கள். சூரியன் மேஷ ராசியிற் புகும் காலத்தையே ஆதாரமாகக் கொண்டு பிறந்த அந்தத் திருவிழா ஏப்ரல் 13 முதல் மூன்று நாள் நடப்பதால், நம் வருஷப் பிறப்பும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நானும் அந்நாட்களிலேதான் போனேன்; ஆனால் என்னை அழைத்துச் சென்றது வேறோர் ஆசை. ஒருவன் எந்த வருஷத்திற் பிறந்தானோ அந்த வருஷத்துக்குரிய கோயிலை ஆயுளில் ஒரு முறையேனும் தரிசித்தாக வேண்டும் என்றொரு சம்பிரதாயம் அங்கே உண்டென்று கேள்விப்பட்டு, அதை நேரிற் காண விரும்பியே போனேன்.

வருஷத்துக்கு ஒரு மிருகம் என்ற இந்தக் கணக்கு சீன தேசத்தது. 1975இல் ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹூதி என்னுமிடத்திலே சின் வம்ச காலத்துக் கல்லறை ஒன்றைத் திறந்தபோது கிடைத்த மூங்கில் ஏடுகளில் இப்பன்னிரண்டு மிருகங்களின் பட்டியல் ஒன்று இருந்தது; அதிலே சில மிருகங்கள் இன்றைய வழக்கினின்றும் வேறுபட்டிருந்தன. எலி, எருது, புலி, முயல், டிராகன் என்னும் நாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று வரிசை நிலைபெற்ற பின்னரும், அது போய்ச் சேர்ந்த தேசந்தோறும் மண்ணுக்கேற்பச் சிறிது மாறியே வாழ்ந்திருக்கிறது. வியட்நாமியர் முயலை நீக்கிப் பூனையை வைத்தனர். எருதின் இடத்தில் தம் வயல்களிலே சேறு கலக்கும் எருமையை நிறுத்தினர். ஜப்பானியருக்கோ பன்றி காட்டுப் பன்றியாயிற்று. லான்னாவில் அந்தக் கடைசி இடத்தில், ஒரு விசேஷமாக, யானை வந்து நிற்கிறது.

அங்கே இந்தப் பன்னிரண்டு வருஷங்களுக்கும் பன்னிரண்டு தாதுகோபங்களை வகுத்திருக்கிறார்கள். எலி வருஷத்தார்க்குச் சோம் தோங், புலி வருஷத்தார்க்கு பிரே நகரத்துச் சோ ஹே, நாக வருஷத்தார்க்குச் சியாங் மாய் நகரத்து நடுவிலேயே இருக்கும் பிரா சிங், ஆட்டு வருஷத்தார்க்கு அந்நகரை மேற்கே காத்து நிற்கும் தோய் சுதேப் மலைக்கோயில் என்று வரிசை நீள்கிறது. பாம்பு வருஷத்தார் நம் நாட்டுப் புத்தகயைக்கு வரவேண்டும். அவ்வளவு தூரம் பிரயாணம் செய்ய இயலாதவர்களுக்காக, பதினைந்தாம் நூற்றாண்டில் திலோகராஜன் என்ற மன்னன் புத்தகயையின் சாயலில் எழுப்பிய ஏழு சிகரக் கோயிலொன்று ஊருக்கு அருகிலேயே உண்டு. நாய் வருஷத்தாரின் சங்கதிதான் எல்லாவற்றினும் வினோதமானது. சித்தார்த்தர் துறவு பூண்டபோது அரிந்தெறிந்த கேசத்தை இந்திரன் ஏந்திச் சென்று தேவலோகத்திற் பிரதிஷ்டை செய்தானாம். அந்தச் சூளாமணிச் சைத்தியமே அவர்களுடைய தலம். உயிரோடு இருக்கையிற் போகக் கூடாத ஊரைத் தரிசிக்கும்படி ஒருவனை விதித்துவிட்டு அப்படியே கைவிடுவது தர்மமன்று என்று பெரியோர் கருதினார்கள் போலும். பிங் ஆற்றின் கீழ்க்கரையில் உள்ள வாட் கெட் காராம் கோயிலை அதற்குப் பிரதியாக வைத்திருக்கிறார்கள்.

அந்த வாட் கெட் கோயிலுக்கு ஏப்ரல் 14 மாலை போயிருந்தேன். ஆண்டு முழுவதும் கோயிலுக்கு வந்து போகிறவர்கள் காலோடு ஒட்டிப் போகும் மணல் கோயிற் சொத்து என்றும், அதைத் திருப்பித் தராதவன் கடன்பட்டவன் என்றும் அவ்வூரார் எண்ணுவதால், அன்று கூடைகளிலும் வாளிகளிலும் மணல் சுமந்து வந்து பிராகாரத்திலே சிறு சிறு கோபுரங்களாகக் குவிக்கிறார்கள். ஒவ்வொரு மணற் கோபுரத்தின் மேலும் மெல்லிய மூங்கிற் குச்சிகளில் ஒட்டிய காகிதக் கொடிகள் படபடத்தன. ஒரு கொடியைக் கையிற் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு மிருகங்களும் அதில் அச்சிட்டிருந்தன. கடைசிக் கட்டத்தில் துதிக்கையைத் தூக்கிய யானை. சூரியனுடைய மேஷப் பிரவேசத்தைக் கணித்தது பாரத தேசத்துச் சோதிடம். அந்நாளிலே நடும் கொடியில் நிற்பவையோ சீனத்து மிருகங்கள். கொடியை ஏந்தி நிற்கும் மணற் கோபுரம் பௌத்தம். மூன்று மரபுகளின் கல்வி ஒரு சாண் காகிதத்திற்குள் சண்டையின்றிக் குடியிருப்பதை அங்கேதான் கண்டேன்.

மணலைத் தட்டிச் சீர்செய்துகொண்டிருந்த ஒரு கிழவர், சைத்தியத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். அது சற்றே சாய்ந்திருந்தது. நேராக நிமிர்ந்திருந்தால் அதன் முனை மேலேயுள்ள சூளாமணியைக் குத்துவதுபோற் சுட்டும் என்பதால் வேண்டுமென்றே சாய்த்துக் கட்டினார்கள் என்று அவ்வூரில் ஐதிகம். பிறகு அவர் என் பிறந்த வருஷத்தைக் கேட்டார், 1966 என்றேன். விரற்கணுக்களில் கட்டைவிரலை ஓட்டி எண்ணிவிட்டு, "குதிரை! ஐயா ரங்கூனுக்கல்லவா போகவேண்டும்?" என்று மேற்குத் திசையைக் காட்டினார். குதிரை வருஷத்தார்க்குரியது பர்மாவின் ஷ்வேடகோன் பகோடா. எல்லை தாண்ட இயலாதவர்க்குத் தாக் மாகாணத்தில் ஒரு பிரதிக் கோயிலும் உண்டு.

அடுத்த மழைக்காலம் கழிந்ததும் ரங்கூன் போனேன். முந்நூறு அடிக்கு மேல் ஓங்கிய அந்தப் பொன்மலையின் அடிவாரத்தைச் சுற்றிலும் எட்டுத் திசைகளில் எட்டுக் கிரக பீடங்கள் இருக்கின்றன. பர்மியர் தாம் பிறந்த கிழமையை மறப்பதில்லை. பெயருக்கு முதலெழுத்தைக் கூடக் கிழமை பார்த்தே தேர்வது அவர்களுடைய பழைய வழக்கம். கிழமைக்கொரு பிராணியும் உண்டு: ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம் என்பன சில. வாரத்துக்கு ஏழே நாள் இருக்க, எட்டாம் திசைக்கு யாரை வைப்பதென்ற பிரச்சினையைப் புதன்கிழமையை இரண்டாக வெட்டித் தீர்த்திருக்கிறார்கள்: முற்பகல் கொம்புள்ள யானைக்கு, பிற்பகல் கொம்பில்லா யானை வடிவில் ராகுவுக்கு. தத்தம் கிழமைப் பீடத்தின் முன் நின்று, சிறு குவளையால் நீர் மொண்டு, அங்குள்ள புத்தர் சிலையின் சிரசில் வரிசையாக வார்க்கும் ஜனங்களின் முகத்திலே நான் பயத்தைக் காணவில்லை. உறவினர் வீட்டுக்கு வந்தவர்களின் சுவாதீனத்தையே கண்டேன்.

என்னை ரங்கூனுக்கு அனுப்பிய இதே குதிரை வேறொரு தேசத்தில் செய்த காரியத்தையும் சொல்லவேண்டும். சீனக் கணக்கில் பன்னிரண்டு மிருகங்களோடு பத்து வானத்துக் குறிகளையும் இணைப்பதால், ஒரே சேர்க்கை அறுபதாண்டுக்கு ஒரு முறைதான் திரும்பும். அக்குறிகளுள் நெருப்பைச் சேர்ந்தது குதிரையோடு கூடும் வருஷத்திலே பிறக்கும் பெண் முரட்டுச் சுபாவம் உடையவளாகிக் கணவன் ஆயுளைக் குறைப்பாள் என்று ஜப்பானியர் நம்பினார்கள். காதலனைக் காணும் ஆவலால் தீ வைத்து 1683இல் மரண தண்டனை பெற்ற ஒஷிச்சி என்ற பெண், 1666இன் நெருப்புக் குதிரை வருஷத்திற் பிறந்தவள் என்று பரவிய கதை அந்நம்பிக்கைக்கு உரமிட்டது. ரயிலும் தொலைக்காட்சியும் பெருகிவிட்ட 1966ஆம் ஆண்டிலும் அது சாகவில்லை: முந்திய ஆண்டில் 18 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனன எண்ணிக்கை அவ்வாண்டில் 13 லட்சத்து 60 ஆயிரமாக இறங்கி, மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது.

இதைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. "பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லிச் சொல்லி, மூலத்திற் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்திற் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பி, எத்தனையோ பெண்களைக் கண்ணீரில் நிறுத்திய ஜாதி நாம். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலங்களுக்கு யாத்திரை போவதும், திருக்கடையூரிலே அறுபதாங் கல்யாணம் செய்துகொள்வதும் நம்மவரே. காலத்தைக் கணக்கிட்ட வித்தை ஒன்றே. மனிதன் கையில் அது யாத்திரையாகவும் ஆகும், தூக்குக் கயிறாகவும் ஆகும்.

நமது அறுபதாண்டுச் சக்கரமும் சீனருடையதும் மூன்று ஆண்டு முன்பின்னாகத் தொடங்குவன. நம் பிரபவ 1987இல் பிறந்தது, அவர்கள் சுற்று 1984இல். 2026 பிப்ரவரியில் சீனருக்கு நெருப்புக் குதிரையும், சித்திரையில் நமக்குப் பராபவ வருஷமும், நான் பிறந்த ஆண்டினவாகிய அவ்விரண்டும், மீண்டும் வருகின்றன. எனக்கும் அறுபது நிறைகிறது. இந்த வருஷத்தில் பெண் மகவைப் பெறுவோர் ஜப்பானிலிருந்தாலும் தமிழகத்திலிருந்தாலும் அவர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: அவள் பிறந்த வருஷத்தையும் நட்சத்திரத்தையும் குறித்து வையுங்கள், அவற்றுக்குரிய கோயிலுக்கு அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள், அதற்கு மேல் அந்தக் குறிப்பை வேறெதற்கும் எடுக்காதீர்கள்.