கம்பஸ் வைஃபையும் வார இறுதி மாணவர்களும்



கிராண்ட்பாஸ் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கும் நாங்கள் ஆறு பேர், கிழமை நாட்களில் பாடசாலை, சனி ஞாயிறில் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம் என்று ஓடிக்கொண்டிருக்கிறோம். கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவோடு நிற்காமல் பட்டமும் எடுக்க வேண்டும் என்ற ஆசை. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. யாரையும் குறைகூற எழுதவில்லை. எங்கள் பகுதியிலிருந்து கம்பஸ் போகப்போகும் பிள்ளைகள் எங்களைப் போல அலையக்கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். கம்பஸுக்குள் போனால் போனில் வைஃபை முழுக் கோடு காட்டும். தொட்டால் இணையாது. வீட்டு ரவுட்டர் என்றால் ஒரு பாஸ்வேர்ட் போதும். இங்கே ஒரு விண்ணப்பப் படிவமே வருகிறது: ஈ.ஏ.பி. மெதட், சி.ஏ. சேர்டிபிகேட், டொமைன், ஐடென்டிட்டி, அனொனிமஸ் ஐடென்டிட்டி. வழிகாட்டிக் குறிப்பு இருக்கிறது, அது இணையத்தளத்தில். இணையத்துக்குள் போக வழிகாட்டி வேண்டும், வழிகாட்டியைப் பார்க்க இணையம் வேண்டும்! எங்கள் டேட்டாவைச் செலவழித்துத் திறந்தால், முழுவதும் ஆங்கிலம். "சேர்டிபிகேட்டைச் சரிபார்க்க வேண்டாம்" என்ற வரியைத் தெரிவு செய்யுங்கள் என்று படம் போட்டிருந்தது. எங்கள் போன்களில் அந்த வரியே இல்லை. ஐ.டி. யூனிட் திறப்பது கிழமை நாட்களில். நாங்கள் போவது வார இறுதியில்.

பல வாரங்கள் ஒருவருடைய ஹொட்ஸ்பொட்டில் ஆறு பேரும் தொங்கினோம். ஒருநாள் வகுப்பிலேயே ஒன்லைன் குவிஸ். பாதியில் அந்த டேட்டாவும் முடிந்தது. அதற்குப் பிறகு எங்களில் ஒரு டீச்சர் பாடசாலையில் அரைநாள் லீவு போட்டு ஐ.டி. யூனிட்டுக்குப் போனார். அங்கிருந்த தம்பி நல்ல மாதிரி. டொமைன் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை ஐந்து போன்கள் இணைந்தன. ஒரு பழைய போன் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் அரைநாள் லீவு.

இது ஏன் இவ்வளவு சிக்கல் என்று தேடிப் படித்தோம். 'எடுரோம்' என்ற வைஃபையின் பெயரைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2002 அளவில் நெதர்லாந்தில் தொடங்கிய யோசனை அது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இலங்கையில் லேர்ன் எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு அதை நடத்துகிறது. உங்கள் கம்பஸ் தந்த பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துக்கொண்டு, அதில் சேர்ந்திருக்கும் வேறொரு பல்கலைக்கழகத்திலும் இணையலாம். நல்ல ஏற்பாடுதான்.

கம்பஸ் வைஃபையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்வேர்ட். அதைக் கொடுக்க முன்னர், எதிரில் இருப்பது உண்மையான கம்பஸ் சேர்வர்தானா என்று போன் பார்க்க வேண்டும். சேர்வர் காட்டும் அடையாள அட்டைதான் சேர்டிபிகேட். அட்டையில் என்ன பெயர் இருக்க வேண்டும் என்று போனுக்குச் சொல்வதுதான் டொமைன். இதைப் பார்க்காமல் விட்டால், அதே பெயரில் யாரும் ஒரு வைஃபையைப் போட்டு உங்கள் பாஸ்வேர்டைப் பிடிக்கலாம். அதனால்தான் 2020 இறுதியில் அன்ட்ரொய்ட் 11இல் தொடங்கி "சரிபார்க்க வேண்டாம்" என்ற வரி எடுக்கப்பட்டது. எடுத்தது சரி. போன் மாறியும் வழிகாட்டி மாறாமல் இருந்ததுதான் பிரச்சினை.

"ஒரு டேட்டா கார்ட் போட்டால் முடியுதே, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். 2020 ஒக்டோபரில் இருந்து எங்கள் பகுதி வாரக்கணக்கில் தனிமைப்படுத்தப்பட்டிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன். பாடம் வட்ஸ்அப்பில் வரும். வாப்பாவுக்கு நாட்கூலி இல்லை, ரீலோட் போடக் காசு இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது ஏ.எல். முடித்துக் கம்பஸ் போகிறார்கள். கையில் இருப்பது அதே பழைய போன், அல்லது தாத்தாவின் போன். இலவச வைஃபை அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் புதுப் போனும் ஆங்கிலமும் உள்ளவருக்குத்தான் அது முதலில் திறக்கிறது. மற்றப் பிள்ளை "எனக்குத்தான் விளங்கவில்லை" என்று வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறது. வகுப்பில் கேட்காமல் இருக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். அந்த வெட்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களுக்குத் தெரியும்.

தம்பி தங்கைமாருக்குச் சில குறிப்புகள்:

• வழிகாட்டியை வீட்டிலேயே டவுன்லோட் பண்ணிக்கொண்டு போங்கள். 'கெட்எடுரோம்' என்ற செயலியில் உங்கள் கம்பஸின் பெயர் இருந்தால் செட்டிங்ஸை அதுவே போட்டுவிடும்.
• எடுரோமுக்கு யூசர் நேமை முழுதாக எழுதுங்கள், '@'க்குப் பின்னால் வருவதையும் சேர்த்து.
• ஐ.டி. யூனிட்டில் "டொமைன் என்ன, சேர்டிபிகேட்டில் எதைத் தெரிவு செய்வது?" என்று நேராகக் கேளுங்கள்.
• ஐபோன் சேர்டிபிகேட்டைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும். பெயரைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.
• போனின் திகதி, நேரம் பிழையாக இருந்தால் சேர்டிபிகேட் ஏற்காது.
• சில இடங்களில் போனின் மெக் இலக்கத்தைப் பதியச் சொல்வார்கள். புதுப் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு இலக்கம் காட்டும். பதிவதற்கு முன் அந்த வைஃபையின் செட்டிங்ஸில் எந்த இலக்கம் என்று பாருங்கள்.

பல்கலைக்கழகங்களில் வேலை செய்யும் எங்கள் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு தாள். இப்போதைய போன்களின் படம், டொமைன் வரி, உதவி கேட்க ஓர் இலக்கம். அதை வாசலிலும் நூலகத்திலும் ஒட்டினால் போதும். சனிக்கிழமை ஒரு மணித்தியாலமாவது ஒருவர் இருந்தால் பெரிய புண்ணியம்.

இந்த வருடம் கம்பஸ் கிடைத்த பிள்ளைகள் எங்கள் பகுதியில் இருந்தால் கொமன்ட்டில் சொல்லுங்கள். போனையும் கம்பஸ் தந்த கடிதத்தையும் கொண்டு வந்தால், இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம். அந்தப் பழைய போனுக்கு மருந்து தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.