இறங்கிய பிறகு

கருத்தரங்க அழைப்புக் கடிதங்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. கட்டுரைச் சுருக்கம் எத்தனை சொற்களில் அமைய வேண்டும், பதிவுக் கட்டணம் எவ்வளவு, தொடக்க விழாவுக்குத் தலைமையேற்பவர் யார் என எதற்கும் குறைவில்லை. விமான நிலையத்தில் இறங்கும் ஆய்வு மாணவர் எவ்வழியே, எவ்வளவு செலவில் தங்குமிடம் வந்து சேர்வார் என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. அது அவரவர் பாடு என விட்டுவிடப்படுகிறது. ஆவணக் காப்பகப் பணிக்காகவும் கருத்தரங்குகளுக்காகவும் ஐதராபாத்திலிருந்து தில்லிக்குப் பலமுறை சென்று வந்திருக்கிறேன். அவ்வளவு எளிதாக விட்டுவிடக்கூடிய விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகை பெறும் முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 267 ரூபாய். தில்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு டாக்சியில் சென்றால் பெரும்பாலும் ஐந்நூறு ரூபாயைத் தாண்டிவிடும். போக, வர ஆயிரம். ஏறத்தாழ நான்கு நாள் வாழ்க்கைச் செலவு இரண்டு மணி நேரத்தில் கரைந்துபோகிறது.

சென்ற ஆண்டு எங்கள் துறையில் ஓர் இளைய ஆய்வாளரின் கட்டுரை தில்லிக் கருத்தரங்கு ஒன்றுக்கு ஏற்கப்பட்டது. விமானச் சீட்டை அமைப்பாளர்களே தந்தார்கள். அவர் போகவில்லை. காரணம் கேட்டபோது, “சீட்டு தருகிறார்கள் அண்ணா. இறங்கிய பிறகு?” என்றார். அவருடைய வீட்டில் அதுவரை யாரும் விமானத்தில் ஏறியதில்லை. இந்தியும் அவருக்குத் தெரியாது. தொகையைவிட, எவ்வளவு ஆகும் என்று தெரியாமலிருந்ததே அவரைத் தடுத்தது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததால் நல்லதொரு கட்டுரை அரங்கேறாமல் போயிற்று.

அந்தக் கேள்விக்கான பதில் கடினமானதன்று. எனக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம், என் முதல் பயணத்துக்கு முன் மூத்த ஆய்வாளரான அக்கா ஒருவர் அரைப்பக்கத்தில் எழுதித் தந்த குறிப்புதான். அதில் இருந்ததையும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பயணச்சீட்டு எடுக்கும்போதே முனையத்தைக் கவனியுங்கள். மூன்றாம் முனையத்தில் இறங்கினால் விமான நிலைய விரைவுத்தடம் இருக்கிறது. ஏரோசிட்டி, தௌலா குவான், சிவாஜி ஸ்டேடியம் வழியாகப் புதுதில்லி நிலையத்தைச் சுமார் இருபது நிமிடத்தில் அடையலாம். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். முதலாம் முனையத்தில் இறங்கினால் மெஜந்தா தடம். கட்டணம் அதைவிடவும் குறைவு. அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் முனிர்க்கா. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் செல்பவர்கள் அங்கே இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். அதே தடத்தில் மேலும் சென்றால் ஐஐடி, ஹவுஸ் காஸ், ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆகிய நிலையங்கள் வரும். தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு ஹவுஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறி விஸ்வவித்யாலயாவில் இறங்க வேண்டும். அதன் தெற்கு வளாகம் செல்பவர்களுக்குத் தௌலா குவானிலிருந்து இளஞ்சிவப்புத் தடத்தின் நிலையத்துக்கு நீண்ட நடைமேம்பாலம் உண்டு. ஆகவே இரண்டு விமானங்களின் கட்டணம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், நீங்கள் போகும் இடத்துக்கு ஏற்ற முனையத்தில் இறங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்பவர்கள் புதுதில்லியில் மஞ்சள் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தமான மத்தியச் செயலகத்தில் இறங்கலாம். ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் தங்குவது பஹாட்கஞ்சிலும் கரோல்பாகிலும் உள்ள மலிவான விடுதிகளில். விரைவுத்தடத்தின் புதுதில்லி நிலையம் அஜ்மீரி கேட் பக்கம் இருக்கிறது. பஹாட்கஞ்ச் இருப்பதோ ரயில் பாதைகளுக்கு அப்பால். நடுவே, “மேம்பாலத்தில் ஏறச் சீட்டு வேண்டும்”, “உங்கள் விடுதியை மூடிவிட்டார்கள்” என்று வழிமறித்து வேறெங்கோ அழைத்துச் செல்லும் தரகர்கள் உண்டு. பெட்டியோடு தனியாக வருபவர்கள் வெளியே வராமல் ராஜீவ் சௌக் சென்று நீலத் தடத்துக்கு மாறிவிடுவது நல்லது. அடுத்த நிறுத்தமான ராமகிருஷ்ணா ஆசிரமம் மார்க்கில் இறங்கினால் பஹாட்கஞ்ச் கடைத்தெருவின் மேற்கு முனை. அதிலிருந்து இரண்டு நிறுத்தம் தாண்டினால் கரோல்பாக்.

நள்ளிரவில் இறங்குபவர்களுக்கு இவற்றில் எதுவும் உதவாது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மெட்ரோ ஓடுவதில்லை. இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை டாக்சிக்கும் ஆட்டோவுக்கும் கட்டணத்தில் கால் பங்கு கூடும். முன்கட்டண டாக்சி எடுத்தால், ஓட்டுநருக்குரிய சீட்டை விடுதி வாசலில் இறங்கிய பிறகே அவரிடம் கொடுங்கள். அதைக் காட்டித்தான் அவர் பணம் பெற முடியும் என்பதால் பாதி வழியில் இறக்கிவிட மாட்டார். இருளில் தெரியாத ஊருக்குள் போக மனமில்லை என்றால் முதல் வண்டி வரும்வரை முனையத்திலேயே காத்திருக்கலாம். நான் பலமுறை அப்படிக் காத்திருந்து கட்டுரையைத் திருத்தியிருக்கிறேன். மலிவென்று நள்ளிரவு விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தச் செலவையும், தனியாக வரும் பெண்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய பிறவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்த மலிவான வழி தானாக அமைந்ததன்று. விரைவுத்தடம் 2011 பிப்ரவரியில் தனியார் நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் தொடங்கியது. தொழில்நுட்பக் குறைகளால் 2012 ஜூலையில் நின்றுபோய், 2013 ஜனவரியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையில் தில்லி மெட்ரோ கழகம் அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு கட்டணம் குறைக்கப்பட்டது, பயணிகளும் பெருகினர். விமானத்தில் வருபவர் எல்லாரும் டாக்சிக்குக் காசு வைத்திருப்பவர் என்ற எண்ணத்தைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று.

நம் நிறுவனங்கள் அந்த எண்ணத்தை இன்னும் கைவிடவில்லை. ஒருமுறை பயணப்படி கோரி விண்ணப்பித்தபோது ஓர் அலுவலகத்தில் என் மெட்ரோச் செலவை அடித்துவிட்டார்கள். அக்காலத்தில் டோக்கன் முறை இருந்தது. வெளியேறும் வாயிலிலேயே இயந்திரம் அதை வாங்கிக்கொள்ளும், பயணி கையில் எதுவும் மிஞ்சாது. என்னுடன் வந்த பேராசிரியரின் டாக்சி ரசீது மட்டும் மறுப்பின்றி ஏற்கப்பட்டது. பத்து மடங்கு செலவுக்குச் சான்று இருந்தது, சிக்கனத்துக்கு இல்லை. இப்போது கைபேசியிலேயே க்யூஆர் சீட்டு வாங்க முடிகிறது. அதைத் திரைப்படமெடுத்துச் சேமித்து வையுங்கள். ரசீது வந்த பிறகும் ஒரு குறை எஞ்சுகிறது. தொகை கைக்கு வர மாதங்கள் ஆகும். கையில் பணம் இருப்பவரே அதுவரை காத்திருக்க முடியும்.

வழி தெரிந்திருப்பதும் ஒரு சொத்துதான். சிலருக்கு அது வீட்டிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அப்பா அலுவல் நிமித்தம் போய்வந்த ஊராக இருக்கும், சித்தப்பா குடியிருக்கும் நகரமாக இருக்கும். மற்றவர்களுக்கு அக்காவோ அண்ணனோ சொன்னால்தான் உண்டு. சொல்ல ஆள் இல்லாதவர் வராமலே இருந்துவிடுகிறார். வராதவரின் பெயர் எந்தக் கருத்தரங்க அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

எனவே அமைப்பாளர்களாக இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அழைப்புக் கடிதத்தில் ஐந்து வரி கூடுதலாக எழுதுங்கள்: எந்த முனையத்தில் இறங்கினால் எந்தத் தடம், எந்த நிலையம், எத்தனையாவது வாயில், அங்கிருந்து எவ்வளவு தூரம், மொத்தம் எவ்வளவு ஆகும். இயன்றால் ஆய்வு மாணவர்களுக்கு வழிச்செலவை முதல் நாளே கையில் கொடுங்கள். சக ஆய்வாளர்களிடம் கேட்பதும் ஒன்றுண்டு. மெட்ரோ எட்டாத விமான நிலையங்கள் பல இருக்கின்றன. எங்கள் சம்ஷாபாத்திலிருந்து ஐதராபாத்துக்குள் வர இன்றும் புஷ்பக் பேருந்துதான் துணை. நீங்கள் அறிந்த ஊரின் வழியைக் கீழே எழுதுங்கள். தொகுத்து, புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நுழைவு நாளிலேயே கொடுக்க எண்ணியிருக்கிறேன்.