விடுவதும் கொடுப்பதும்

ஆங்கிலம் கற்கப் புகும் நம் பிள்ளைகளைத் திகைக்க வைப்பவை நீண்ட சொற்கள் அல்ல. நீண்ட சொல்லை அகராதியில் தேடினால் அகப்பட்டுவிடும். சின்னஞ்சிறு சொற்களே அவர்களை ஏமாற்றுகின்றன. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் கூடினால் 'மேலே கொடு' என்றல்லவா பொருள் வரவேண்டும்? வருவதோ 'விட்டுவிடு' என்பது. கொடுத்தல் எவ்வாறு விடுதலாயிற்று?

இத்தொல்லையை முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஆங்கில அகராதி செய்தவரே ஒருவர். 1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லின் பின்னே ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றிவிடும் வழக்கம் தம் மொழியில் மிகுதி என்றும், அந்நியருக்கு அதுவே பெருங்கடினம் என்றும் முன்னுரையில் எழுதினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் 'கிவ் ஓவர்' என்பதும் உண்டு. நிறுத்திவிடுதல் என்பது அதன் பொருள்.

ஆயினும், மதரஸாவில் நஹ்வு ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஹர்ஃபு தனித்து நின்று முழுப்பொருள் தராது என்பது அங்கே முதற்பாடம். தமிழில் இடைச்சொல்லுக்கு நம் இலக்கணிகள் சொன்னதும் இதுவே. ஆனால் அந்தத் தனித்து நில்லாத ஹர்ஃபு, தான் சேர்ந்த வினையையே தலைகீழாகப் புரட்டவல்லது. 'ரகிப' என்னும் வினையோடு 'ஃபீ' சேர்ந்தால் விரும்பினான். 'அன்' சேர்ந்தால் வேண்டாமென்று ஒதுக்கினான்.

சூரத்துன் நிஸாவின் 127ஆம் வசனத்தில் இவ்வினை அநாதைப் பெண்களின் திருமணம் பற்றி வருகிறது. ஹர்ஃபு வெளிப்படையாக வரவில்லை. ஆகவே, அவர்களை மணக்க விரும்புவோரைச் சொல்கிறதா, மணக்க மனமின்றி ஒதுக்குவோரைச் சொல்கிறதா என்று முஃபஸ்ஸிர்கள் இரு வகையாகவும் பொருள் எழுதினர். பொருளும் அழகும் உடையவளாயின் பொறுப்பாளன் உரிய மஹ்ரின்றி மணக்க நினைப்பான், இல்லாதவளாயின் ஒதுக்கிவிடுவான். எவ்வாறு கொண்டாலும் இழப்பு அந்தப் பெண்ணுக்கே. இதனை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம், ஹர்ஃபு தானே என்று அலட்சியம் செய்யும் மாணவனும் சற்று நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

இனி 'கிவ் அப்' என்பதற்கு வருவோம். இங்கே 'அப்' என்பது மேல்நோக்கிய திசையைக் குறிக்கவில்லை, முழுமையைக் குறிக்கிறது. 'ஈட் அப்' என்றால் மிச்சமின்றி உண்பது. 'யூஸ் அப்' என்றால் தீரும்வரை பயன்படுத்துவது. அவ்வாறே 'கிவ் அப்' என்பது கையில் ஒன்றும் எஞ்சாமல் கொடுத்துவிடுவது. கோட்டையைப் பகைவனிடம் ஒப்படைத்தவனுக்கு அதன்பின் போரிட என்ன இருக்கிறது? ஒப்படைத்தலிலிருந்து தோல்வியை ஏற்றலுக்கும், அதிலிருந்து முயற்சியைக் கைவிடுதலுக்கும், அதிலிருந்து நம்பிக்கை இழத்தலுக்கும் பொருள் படிப்படியாக இறங்கியிருப்பதைக் காணலாம். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகியோரின் மறைவுகூட, ஆவியை ஒப்படைத்தல் என்ற கருத்தில் இக்கூட்டுச் சொல்லாலேயே சொல்லப்படுகிறது. இன்று அத்தொடரைப் பழுதான மோட்டாருக்கும் சொல்கிறார்கள். சொற்களின் தலைவிதி அது.

இதற்கு நிகரான சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. ஆனால் ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்றை வைத்துவிட இயலாது. எதை விடுகிறார் என்று கேட்டே சொல்லைத் தேர வேண்டும். புகைப்பழக்கத்தை விட்டால் 'ஸ்டாப்' அல்லது 'க்விட்'. அங்கே 'சரண்டர்' என்று எழுதினால் படிப்பவர் நகைப்பர். குற்றவாளி போலீஸாரிடம் தன்னை ஒப்படைத்தால் 'சரண்டர்' பொருந்தும். உரிமையை விட்டால் 'ரிலிங்க்விஷ்'. 1936இல் எட்டாம் எட்வர்ட் அரியணையை விட்டதற்கோ 'அப்டிகேட்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. அரபியிலும் இதே நிலைதான். தீய பழக்கத்தை விட 'அக்லஅ அன்', உரிமையை விட்டுத்தர 'தனாஸல அன்', கைவிட 'தகல்லா அன்', நம்பிக்கை இழக்க 'யஇஸ மின்'. அந்த 'அன்' எத்தனை இடங்களில் விலகி நிற்கிறது, பாருங்கள்!

'கிவ் அப்'போடு குழப்பிக்கொள்ளப்படும் மற்றொன்று 'கிவ் இன்'. முன்னது தன்னிடம் இருப்பதை விடுதல். பின்னது பிறர் வற்புறுத்தலுக்குப் பணிந்துபோதல். 1955 டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில், வெள்ளையர் ஒருவருக்காகப் பேருந்தில் தம் இருக்கையை விட்டெழ மறுத்தார் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. கைது செய்யப்பட்டார், நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். இருக்கையை விட மறுத்ததை எழுதும் ஆங்கில நூல்கள் 'கிவ் அப்' என்றே எழுதும். அவர் உடற்களைப்பால் எழவில்லை என்று பலர் எழுதியபோது, அக்களைப்பன்று, பணிந்து பணிந்து வந்த களைப்பே என்று 1992இல் வெளியான தம் வாழ்க்கை நூலில் மறுத்தார். அங்கே அவர் ஆண்ட சொல் 'கிவ் இன்'. மாற்றிப் போட்டால் அவர் சொல்ல வந்தது வலுவிழந்துவிடும்.

மேலும் ஒரு சிறு சொல் சேர்ந்து 'கிவ் அப் ஆன்' என்றானால், ஒரு மனிதரைப் பற்றிய நம்பிக்கையையே இழத்தல். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு தாய், மகனின் பள்ளியிலிருந்து வந்த தேர்ச்சி அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். கணவர் சவூதியில். அம்மாவுக்குத் தமிழும் குர்ஆன் ஓதவும் தெரியும், ஆங்கிலம் அறியார். அட்டையின் அடியில் ஆசிரியை இரண்டே வரி எழுதியிருந்தார். முதல் வரியை அண்டைவீட்டுப் பையன் அகராதி பார்த்து, "எல்லாவற்றையும் சுலபமாகக் கொடுத்துவிடுகிறான்" என்று பெயர்த்துச் சொல்லியிருந்தான். பென்சிலையும் பலகாரத்தையும் வாரி வழங்கிவிட்டு வருகிறான் போலும் என்று எண்ணிய தாய், முதல் நாளிரவே மகனை வைது தீர்த்திருந்தார். இரண்டாம் வரி அந்தப் பையனுக்கே விளங்கவில்லை.

"இவன் விரைவில் முயற்சியை விட்டுவிடுகிறான் என்பது முதல் வரி, உம்மா. இவனை நாங்கள் கைவிட்டுவிடவில்லை என்பது இரண்டாவது" என்றேன்.

சற்று நேரம் அட்டையையே பார்த்திருந்தார். பிறகு, "அந்த இரண்டாவதை இன்னொரு தடவை சொல்லுங்க, ஹஜ்ரத்" என்றார். சொன்னேன். "இவ்வளவையும் தமிழில் எழுதியிருந்தால் நேற்றுப் பிள்ளை பட்டினியாய்ப் படுத்திருக்க மாட்டானே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தாய் படிக்கும் அட்டையைத் தாய் அறிந்த மொழியில் எழுதினால் என்ன என்று நானும் பல பள்ளி நிர்வாகிகளிடம் கேட்டுத்தான் வருகிறேன்.

நம் தமிழும் இவ்வகையில் எளிதென்று எண்ணிவிட வேண்டாம். 'விடு', 'கொடு' இரண்டும் சேர்ந்த 'விட்டுக்கொடு' என்பதை அந்நியர் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். தம்பிக்காக அண்ணன் பங்கை விட்டுக்கொடுத்தான் என்றால் பெருந்தன்மை. நாலுபேர் நடுவில் தம்பியை விட்டுக்கொடுத்தான் என்றால் அதுவே துரோகம். முன்னதற்குக் 'கிவ் அப்' பொருந்தும், பின்னதற்குப் பொருந்தாது. அங்கே ஆங்கிலேயர் 'லெட் டவுன்' என்பர். 'லெட்' என்பதும் விடுதலே. ஆனால் 'அப்' போய் 'டவுன்' வந்துவிட்டது. அதன் வயிற்றில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதை வேறொரு மாதம் பார்க்கலாம்.