உடல் வந்து சேரும் நாள்

இனயம் கடற்கரையில் பின்னிரவு மூன்று மணி. அலையோசையைத் தவிர வேறு ஒலி இல்லை. வள்ளத்திற்குப் புறப்படும் தந்தை, வலையைத் தோளிலிட்டு வெளியே வருகிறார். திண்ணையில் மகன் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். ஒருவர் உறங்கி எழுந்தவர். மற்றவனுக்கு உறக்கம் இன்னும் வந்தபாடில்லை.

மகன் வணிகக் கப்பலில் வேலை செய்பவன். சில வாரங்கள் வடகடல் துறைமுகங்களுக்கிடையே ஓடிய கப்பலிலிருந்து, திசம்பர் மாதத்தில் ரோட்டர்டாமில் இறங்கி, விமானமேறி, மறுநாளே திருவனந்தபுரம் வந்துவிட்டான். குளிர்காலத்தில் அந்நகரின் நேரம் இந்திய நேரத்திற்கு நான்கரை மணி பின்தங்கியது. இனயத்தில் மூன்று மணி என்றால் அங்கே இரவு பத்தரைதான். கால் மண்ணை மிதித்துவிட்டது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் ரோட்டர்டாமில் நிற்கிறது. இதனையே ஜெட் லாக் என்பர்.

கடல்வழியே வந்திருந்தால் இத்தொல்லை பெரிதாக இராது. கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பலில், நேர எல்லையைக் கடக்கும்போது கடிகாரத்தை ஒரு மணி முன்னே திருப்பி வைப்பார்கள். பூமி பதினைந்து பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகிறது. அத்தொலைவைக் கடக்கக் கப்பலுக்கு நாள் கணக்கில் ஆகும். உடலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி அளவே நகர வல்லது. கப்பலின் நடை அதற்கு ஒத்த நடை.

அந்தக் கடிகாரம் மூளையில், ஹைப்போதலாமஸ் பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே உள்ளது. கண்ணில் படும் ஒளியே அதனைத் திருத்தும் முதன்மையான கை. ஆயினும் ஒளி மட்டுமே அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரனும் உடன் ஆய்வாளர்களும் இருண்ட குகையில் கூண்டிலிட்ட தனி வௌவாலை ஆராய்ந்து, 1981-இல் முடிவை வெளியிட்டனர். பகலிரவு அறியாத அவ்வௌவால், தன் கூட்டம் குகையைவிட்டுப் போவதையும் திரும்புவதையும் கொண்டே நேரத்தைப் பிடித்துக்கொண்டது. மனிதனுக்கு ஒளியின் பிடி வலிது. எனினும் வீட்டாருடன் வேளைக்கு உண்பதும் உறவினரிடையே பகலைக் கழிப்பதும் அவனுக்குத் துணையாகும்.

தாய்க்கு இவை தெரியா. "மக்கா, நல்லா ஒறங்கு" என்று நண்பகல் வரை சன்னலை அடைத்து வைத்தாள். அவள் அன்பில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்த இருட்டு, மகனை ரோட்டர்டாமிலேயே மேலும் ஒரு நாள் நிறுத்தி வைத்தது. மருந்துக்கடையில் உறக்க மாத்திரை வாங்கித் தரலாம் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். மாத்திரை உறக்கத்தைத் தரலாம், கடிகாரத்தை நகர்த்தாது. இருளில் உடலே சுரக்கும் மெலடோனினைச் சிறிய அளவில், ஊரின் உறங்கும் வேளையில் கொடுப்பதுண்டு. அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டுமே.

ஒளிக்கும் ஒரு வேளைக் கணக்கு உண்டு. வழக்கமாக விழிக்கும் நேரத்திற்கு இரண்டு மூன்று மணி முன்பு உடலின் வெப்பம் மிகத் தாழும். அதற்கு முன் படும் வெயில் கடிகாரத்தைப் பின்னே தள்ளும்; பின் படும் வெயில் முன்னே இழுக்கும். கப்பலில் ஏழு மணிக்கு எழுந்தவனுக்கு அந்தத் தாழ்நிலை, இனயத்தின் கணக்கில், காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் வரும். ஆகவே முதல் நாள் விடியல் வெயில் அவனுக்கு ஆகாது. பத்து மணிக்கு மேல் கரையில் நடக்க வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொரு மணியாக முன்னே கொண்டுவர வேண்டும். பகலில் அரைமணிக்கு மேல் கண்ணயரக் கூடாது. பிற்பகலுக்குப் பின் கட்டன்சாயாவும் வேண்டா.

மூன்றாம் நாள் மகன், தானும் வள்ளத்தில் வருவதாகச் சொன்னான். எப்படியும் விழித்துத்தானே இருக்கிறேன் என்பது அவன் வாதம். தந்தை உடன்படவில்லை. இரவெல்லாம் விழித்தவனின் கண், வலையை இழுக்கும் விடியற்காலையில்தான் செருகும். எழும் அலையில் கையும் காலும் ஒரு நொடி பிந்தினால் போதும். அவர் நூல் எதுவும் படித்தவரல்லர். கடலில் கண்ணயர்ந்தவர்களைப் பார்த்தவர்.

சன்னல்கள் திறக்கப்பட்டன. மகன் முற்பகல் வெயிலில் கரைமடி இழுப்போருடன் நின்றான். இரவு எட்டு மணிக்கு வீட்டாரோடு உண்டான்.

ஏழாம் நாள் மூன்று மணிக்குத் தந்தை வெளியே வந்தபோது திண்ணை வெறுமையாக இருந்தது. உள்ளே மகனின் குறட்டை கேட்டது. எழுப்பாமல், கதவை மெல்லச் சாத்திவிட்டு அவர் கடற்கரைக்கு நடந்தார்.