பாயார் தீவு: காலையில் போய் மாலையில் திரும்பும் கடல்

மலாக்கா நீரிணையின் வடமுனையில், பினாங்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரிலும் லங்காவியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரிலும் இருக்கிறது பாயார் தீவு. இரண்டு கிலோமீட்டர் நீளம், கால் கிலோமீட்டர் அகலம். ஊர் கிடையாது, விடுதி கிடையாது. குடும்பத்தோடு படகேறிப் போய், முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைகளுக்கு மேலே மிதந்து, மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்து, பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். தண்ணீருக்கு அடியில் இருப்பதே பயணத்தின் சாரம்.

பாயார், காச்சா, லெம்பு, செகன்தாங் என்ற நான்கு தீவுகளும் சேர்ந்தது பாயார் தீவுக் கடற்பூங்கா. நிர்வாகத்தில் இது மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. இங்கே மீன்பிடிக்க 1985-இல் தடை வந்தது. 1994-இல் இது கடற்பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல்மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் வரை, தூண்டில் போடவும் வலை வீசவும் சிப்பி பொறுக்கவும் கூடாது. இரவு தங்கவும் அனுமதி இல்லை.

அருகில் இல்லாத தெளிவு

பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து கர்னி கடற்கரைக்குக் காரில் சில நிமிடங்கள்தான். அப்படியிருக்க, பவளம் பார்க்க 60 கிலோமீட்டர் போவானேன் என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே. பினாங்குத் தீவுக்கும் மலேசியத் தீபகற்பத்துக்கும் இடையிலான கால்வாய் ஆழம் குறைந்தது, அடியில் சேறு. மூடா, பிறை போன்ற ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் ஓதம் அந்த வண்டலைப் படியவிடாமல் கலக்கிக்கொண்டே இருக்கிறது. பவள உயிரிகளின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருகின்றன. கலங்கிய நீரில் வெயில் இறங்காது. பாசிக்கும் பிழைப்பு இல்லை, பவளத்துக்கும் பிழைப்பு இல்லை.

ஆகவே பினாங்கில் படகு உலா என்றாலே இரண்டு வகை. தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து தேசியப் பூங்காவின் கரைகளுக்குப் போவது ஒன்று. குரங்குக் கடற்கரை என்று பெயர் பெற்ற தெலுக் டுயோங், கடலாமைகள் முட்டையிட வரும் கெராச்சுட் கடற்கரை, 1883-ஆம் ஆண்டின் மூக்கா முனைக் கலங்கரை விளக்கம் ஆகியவை அந்தப் பக்கம் இருக்கின்றன. மீன் சுட்டுச் சாப்பிடவும் மணலில் விளையாடவும் ஏற்ற இடங்கள். சோற்றுப் பொட்டலத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றத் தெரிந்தால் போதும். ஆனால் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் பச்சை மங்கலைத் தவிர அதிகம் எதுவும் தெரியாது. தெளிந்த நீர் வேண்டுமென்றால் ஆற்று வாய்களை விட்டு விலக வேண்டும். அதுதான் இரண்டாவது வகை, பாயார்ப் பயணம்.

பாயாரிலும் நீர் எப்போதும் கண்ணாடியாக இருக்காது. தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் தெளிவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வலுக்கும்போது நீர் கலங்கும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஓரளவு தெளியும். நாட்காட்டியில் திதி பார்க்கத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு எளிது.

பருவமும் புறப்பாடும்

மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, கடலும் பெரும்பாலும் அமைதி. தைப்பூசம் வருவதும் இந்தக் காலத்தில்தான். தண்ணீர்மலையில் 513 படி ஏறி முருகனைக் கும்பிட வரும் வெளியூர் உறவினர்களை, திருவிழா முடிந்த கையோடு கடலுக்கும் அழைத்துப்போகத் தோதான பருவம் இது. செப்டம்பர், அக்டோபரில் மழை கனத்து, அலை உயரும். படகு ரத்தாகவும் கூடும்.

ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து புறப்பட்ட விரைவுப் படகுகளில் பாயாருக்கு நேரே போன காலம் உண்டு. பினாங்கிலிருந்து நேரடிப் படகு எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை என்பதால், லங்காவிக்குப் போய், அங்கே குவா படகுத்துறையில் ஏறுவதே பலர் கைக்கொள்ளும் வழி. தூரமும் அங்கிருந்து ஏறத்தாழப் பாதிதான். முன்பதிவு செய்யும்போதே எந்தத் துறை, எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும், பூங்காக் கட்டணம் பயணக் கட்டணத்தில் அடக்கமா, முகமூடியும் மிதவை அங்கியும் தருவார்களா, பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

பினாங்கிலிருந்து வடக்கே போகும்போது வலப்புறம், தீபகற்பத்தின் மேலே, ஜெராய் மலை எழுந்து நிற்கும். உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த பழைய மரக்கலங்களுக்குத் திசை காட்டிய மலை அது. அதன் தென் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை 1025-இல் தாக்கிய கடாரம் இந்தக் கெடாவே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. பள்ளிக்கூடப் பாடத்தில் பெயராக மட்டும் படித்த கடாரத்தைப் பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்ட, படகின் வலப்பக்க இருக்கை உதவும்.

விரைவுப் படகு அலைமேல் ஏறி இறங்கும்போது சிலருக்கு வயிற்றைப் புரட்டும். உடல் ஆடுவதைக் காது உணர்கிறது. அறைக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ ஆட்டம் இல்லை என்கிறது. இந்த முரணே குமட்டலுக்குக் காரணம். ஆட்டம் குறைவான நடு அல்லது பின் வரிசையில் உட்கார்ந்து, தொடுவானத்தைப் பார்த்தபடி வருவது நல்லது. கைபேசியைப் பார்க்கக் கூடாது. குமட்டல் மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயன் குறைவு. காலையில் நெய்யொழுகும் ரொட்டி சானாயைத் தவிர்த்து இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

முகமூடியும் மூச்சுக்குழலும்

மனிதக் கண் காற்றில் பார்க்க அமைந்தது. தண்ணீர் நேரே விழிமேல் பட்டால் ஒளி போதுமான அளவு வளையாது. எல்லாம் கலங்கித் தெரியும். முகமூடி கண்ணுக்கு முன்னால் காற்றை அடைத்துவைத்து அந்தக் குறையை நீக்குகிறது. ஒளி நீரிலிருந்து காற்றுக்கு மாறும்போது வளைவதால், மீன்கள் உள்ளபடியே இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கொஞ்சம் கிட்டத்திலும் தெரியும். முழம் நீளச் சுறாவைக் கண்டு பிள்ளை அலறினால் அதில் முகமூடிக்கும் பங்கு உண்டு.

முகமூடி பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துக் கையை எடுக்க வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டால் சரியான அளவு. முன்முடி ஒரு கற்றை உள்ளே மாட்டியிருந்தாலும் தண்ணீர் கசியும். மீசை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கண்ணாடியின் உட்புறத்தில் எச்சில் தடவி அலசினால் ஆவி படியாது. பட்டையை இறுக்கி இறுக்கிக் கட்டுவது பலரும் செய்யும் தவறு. விளிம்பு மடங்கி இன்னும் கசியும்.

மூச்சுக்குழல் ஏறத்தாழ ஒன்றரைச் சாண் நீளத்தோடு நிற்பதற்குக் காரணம் உண்டு. குழல் நீண்டால் வெளிவிட்ட காற்றே திரும்ப உள்ளே வரும். ஆழம் கூடினால் நீரின் அழுத்தம் மார்பை விரியவிடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் குழல் வழியே மூச்சுவிடுவதே முடியாத காரியம். மேற்பரப்பில் மிதக்கும்வரைதான் அது மூச்சுக்குழல். குழலுக்குள் தண்ணீர் புகுந்தால் ஒரே வீச்சில் பலமாக ஊதித் தள்ள வேண்டும். இதை இடுப்பளவு நீரில் நின்றபடி பழகிக்கொண்டு, பிறகு மிதக்கலாம்.

நீச்சல் தெரிந்தவர்களும் மிதவை அங்கி அணிவது மலேசியத் தீவுகளில் வழக்கம். சிறுவர்களின் அங்கியை அவர்கள் எடைக்குத் தக்கபடி எடுத்து, கால்களுக்கிடையே செல்லும் பட்டையையும் மாட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் பிள்ளை கீழே தொங்க, அங்கி மட்டும் காதுவரை ஏறிவிடும். இரண்டு பேர் ஜோடியாகவே நீந்த வேண்டும். கரையில் ஒருவர் தலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

பாறைக்கு மேலே

பாயாரின் மணற்கரைக்கு முன்னாலேயே கருந்துடுப்புச் சுறாவின் குட்டிகள் சுற்றும். துடுப்பு நுனிகளில் மையில் தோய்த்தது போன்ற கறுப்பு. கணுக்கால் மூழ்கும் நீரில்கூட வந்து, நிழல் பட்டதும் சட்டென்று திரும்பிவிடும். முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கூடுதல். மனிதரைக் கண்டு விலகும் சாதி. பெரிய மீன்கள் நுழைய முடியாத ஆழமற்ற நீர் அவற்றுக்கு வளர்ப்புத் தொட்டில்.

கொஞ்சம் தள்ளிப் போனால் கோளக் கற்களாக உருண்டு கிடக்கும் பவளங்கள், மான்கொம்பாகக் கிளைத்தவை, கடற்சாமந்தியின் விரல்களுக்குள் ஒளியும் கோமாளி மீன்கள், வரி போட்ட சார்ஜன்ட் மீன் கூட்டம், பொந்திலிருந்து வாய் திறந்து பார்க்கும் அஞ்சாளை, களவா மீன் எல்லாம் உண்டு. காதைத் தண்ணீருக்குள் வைத்துக் கேட்டால் கறுக், கறுக் என்று ஒலி வரும். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் அது. கொறித்த சுண்ணாம்பைக் கழிவாக விடுவதால், பவளக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு கிளிமீனின் வயிற்றிலிருந்து வந்தது. தீவின் தென்மேற்கு முனையில் உள்ள பவளத் தோட்டம் வண்ண மென்பவளங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே ஆழமும் நீரோட்டமும் அதிகம். அது காற்றுக் கலத்தோடு முக்குளிப்பவர்களுக்கு உரிய இடம், பிள்ளைகளுக்கு அல்ல.

காலைக் கீழே ஊன்றாமல் இருப்பதே முதல் ஒழுங்கு. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் பவளம் ஒரு மிதியில் உடைந்துவிடும். நீண்ட கறுப்பு முட்களோடு கிடக்கும் கடல் முள்ளெலி மிதித்தவரையும் சும்மா விடாது. சொறிமீன் பட்டால் நன்னீரால் கழுவக் கூடாது, தேய்க்கவும் கூடாது. பெட்டிச் சொறிமீனுக்கு முதலுதவி காடி ஊற்றுவதே; பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மதியச் சாப்பாடு

காலையில் ஒரு சுற்று நீந்தியபின் சாப்பாடு, அதன்பின் இன்னொரு சுற்று என்பது வழக்கமான ஒழுங்கு. தீவில் சமைத்து விற்கும் கடை இல்லை. உணவு படகோடு வருகிறது. சோறு, பொரித்த கோழி, காய்ப் பிரட்டல், தர்பூசணிக் கீற்று என்பதே பொதுவான பொட்டலம். சைவம் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும்; தைப்பூச விரதக் காலத்தில் இது மிக முக்கியம். சாப்பிட்டுக் குளித்தால் மூழ்கிவிடுவார்கள் என்ற பழைய அச்சத்துக்குச் சான்று குறைவு. ஆனாலும் நிறைந்த வயிற்றோடு மிதந்தால் குமட்டல் வரும், குழலுக்குள் வாந்தி எடுப்பது ஆபத்து. அரை மணி நேரம் நிழலில் இருந்துவிட்டு இறங்குவது மேல்.

முன்பெல்லாம் மிச்ச ரொட்டியை மீன்களுக்குப் பிய்த்துப் போடுவதே பிள்ளைகளின் முக்கிய விளையாட்டு. கடற்பூங்காக்களில் இப்போது அது கூடாது. ரொட்டிக்குப் பழகிய மீன் பாறைமேல் படரும் பாசியை மேய்வதை விட்டுவிடும். பாசி மண்டினால் இளம் பவளத்துக்கு இடம் இல்லாமல் போகும். சுறாவுக்கு இரை காட்டிப் பழக்கினால் அது கைகளை நாடி வரத் தொடங்கும்.

வெயில் காக்கும் களிம்பிலும் கவனம் தேவை. ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் பவளக் குஞ்சுகளைக் கெடுக்கும் என்ற ஆய்வுகளை ஏற்று, பலாவ் நாடு 2020-இலும் ஹவாய் 2021-இலும் அத்தகைய களிம்புகளுக்குத் தடை விதித்தன. குப்புற மிதப்பவருக்கு முதுகும் கெண்டைக்காலின் பின்புறமும்தான் வெந்துபோகும். முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டால் களிம்பின் தேவையே குறைந்துவிடும்.

மாலை விதி

கடல்நீரின் வெப்பம் கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 2010-இல் அப்படி வெளிறல் பரவியபோது பாயார், ரெடாங், தியோமான் கடற்பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களை மலேசிய அரசு சில மாதங்கள் மூடிவைத்தது. உலகளாவிய நான்காவது வெளிறல் 2024 ஏப்ரலில் உறுதி செய்யப்பட்டது. கடல் சூடாவதைத் தடுக்க ஒரு தீவின் விதியால் ஆகாது. மிதி, நங்கூரம், சாக்கடை, குப்பை ஆகியவற்றைத் தடுக்க முடியும். மற்ற தொல்லைகள் குறைந்தால் வெளுத்த பவளம் தேறி வரவும் வாய்ப்பு அதிகம்.

தங்கும் விடுதி எழுந்தால் கழிவுநீர் வரும், இரவு விளக்கு வரும், படகுத்துறையைத் தோண்டி ஆழப்படுத்தும் வேலை வரும். பாயாரில் இவை எதுவும் வராமல் காப்பது, எல்லாரும் மாலைக்குள் கிளம்ப வேண்டும் என்ற ஒற்றை விதி. அந்த விதிப்படி பிற்பகல் மூன்று மணியளவில் படகுகள் கிளம்பத் தொடங்குகின்றன. அதற்குமுன் பொட்டலத் தாள், குடிநீர்ப் புட்டி, பழத்தோல் வரை எல்லாவற்றையும் பையில் கட்டிப் படகில் ஏற்ற வேண்டும். சிப்பியையும் பவளத் துண்டையும் கிடந்த இடத்திலேயே விட்டுவர வேண்டும். வீடு சேர்ந்ததும் முகமூடியையும் குழலையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தினால், அடுத்த பயணத்துக்கும் அவை உதவும்.